சூடான வைரப் படலத்திலிருந்து எலக்ட்ரான்: 0.9 என்ற எண் மட்டும் போதாது

கேள்வி இது: "வைரம் மின்சாரத்தைக் கடத்தாது என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, பாஸ்பரஸோ நைட்ரஜனோ கலந்த வைரப் படலத்தை 400, 500 டிகிரி சூடாக்கினாலே எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன என்கிறார்களே, அது எப்படி? டங்ஸ்டனுக்கு 2000 டிகிரிக்கு மேல் வேண்டியிருக்கிறது. வைரத்தில் இது உண்மை என்றால், தொழிற்சாலைகளில் வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க இதை ஏன் இன்னும் யாரும் பயன்படுத்தவில்லை?"

உண்மைதான். எலக்ட்ரான்கள் வருகின்றன, 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையிலேயே வரத் தொடங்குகின்றன. ஆனால் இந்த ஆய்வுகளைப் பற்றிப் பேசும் எல்லோரும் பிடித்துக்கொள்கிற எண், வெளியேற்று ஆற்றல் 0.9 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) என்பது. அது பாதிக் கதை. மீதிப் பாதி இன்னொரு எண்ணில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் உலோகம். உலோகத்துக்குள் எலக்ட்ரான் தாராளமாக ஓடும், ஆனால் வெளியே வர ஒரு விலை கொடுக்க வேண்டும். அதுதான் வெளியேற்று ஆற்றல். சூடாக்கும்போது ஒரு சிறு பங்கு எலக்ட்ரான்களுக்கு அந்த ஆற்றல் கிடைத்து அவை வெளியேறுகின்றன. இதற்கான விதியை 1901-இல் ஓவன் ரிச்சர்ட்சன் கண்டுபிடித்தார். 1928-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு இதற்காகத்தான் கிடைத்தது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தில், ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வரும் மின்னோட்டம் மூன்று காரணிகளின் பெருக்கல். ஒன்று, ரிச்சர்ட்சன் மாறிலி. இரண்டு, கெல்வினில் வெப்பநிலையின் வர்க்கம். மூன்றாவது ஓர் அடுக்குக்குறிக் காரணி: வெளியேற்று ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்து, அதை எதிர்மறை அடுக்காகப் போட வேண்டும். மாறிலியின் கோட்பாட்டு மதிப்பு சதுர சென்டிமீட்டருக்கு, கெல்வின் வர்க்கத்துக்கு 120 ஆம்பியர்.

அந்த மூன்றாவது காரணி எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு. டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் 4.5 எலக்ட்ரான் வோல்ட், அதன் மாறிலி சோதனைகளில் சுமார் 60. 2500 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 ஆம்பியர் கிடைக்கும். அதே டங்ஸ்டனை 900 கெல்வினில், அதாவது 627 டிகிரி செல்சியஸில் வைத்தால்? கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 20 எலக்ட்ரான் வருகிறது. 20 கோடி அல்ல, வெறும் இருபது. இதனால்தான் நூறு வருடமாக எல்லோரும் வெளியேற்று ஆற்றலைக் குறைக்கவே பாடுபட்டார்கள். தோரியம் கலந்த டங்ஸ்டனில் அது 2.6-க்கு இறங்கியது, உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் மேக்னட்ரானில் இருக்கும் இழை பெரும்பாலும் அதுதான். பேரியம் ஆக்சைடு பூசியபோது 1.5-ஐ ஒட்டி வந்தது. பழைய படக்குழாய் தொலைக்காட்சிகள் போட்டவுடன் படம் காட்டாமல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்தப் பூச்சு 800 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டியிருந்ததுதான்.

இப்போது வைரம். இதன் ஆற்றல் இடைவெளி சுமார் 5.5 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானின் இடைவெளியைப் போல ஐந்து மடங்கு. எலக்ட்ரான்கள் பிணைப்புகளில் கட்டுண்டிருக்கும் இணைதிறன் பட்டையிலிருந்து, அவை தாராளமாக ஓடக்கூடிய கடத்துப் பட்டைக்கு இந்த இடைவெளியைத் தாண்டி வெப்பத்தால் ஏறிவர எலக்ட்ரானால் முடியாது. அதனால்தான் தூய வைரம் காப்பான். ஆனால் இவ்வளவு உயரத்தில் இருக்கிற கடத்துப் பட்டைக்கே ஒரு விசேஷம் உண்டு. வைரத்தின் மேற்பரப்பு முழுவதும் ஹைட்ரஜன் அணுக்களால் மூடப்பட்டிருந்தால், கடத்துப் பட்டையின் அடிமட்டம் வெளியே உள்ள வெற்றிடத்தின் மட்டத்தைவிட ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கொஞ்சம் கூடுதலாக மேலே நிற்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே ஏறிவிட்ட எலக்ட்ரானை வெளியே விழாமல் தடுக்க எதுவும் இல்லை. இதை எதிர்மறை எலக்ட்ரான் நாட்டம் என்பார்கள். வைரத்தின் ஒரு படிக முகத்தில் இதை ஹிம்ப்செலும் அவருடைய கூட்டாளிகளும் 1979-இல் காட்டினார்கள்.

ஹைட்ரஜன் ஏன் இதைச் செய்கிறது? கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பில் கார்பன் எலக்ட்ரானைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வெளிப்பக்கம் இருக்கும் ஹைட்ரஜன் லேசாக நேர்மின் தன்மை பெறுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட இந்தக் குட்டி இருமுனைகள் வரிசையாக நின்று, வெளியேறும் எலக்ட்ரானுக்குச் சாதகமான ஒரு மின்னழுத்தப் படியை உண்டாக்குகின்றன. ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஆக்சிஜனை ஒட்டவைத்தால் இருமுனை தலைகீழாகும். நாட்டம் நேர்மறையாகி, அதே வைரம் எலக்ட்ரானைத் தடுக்கத் தொடங்கும். இத்தனையும் ஒற்றை அணு அடுக்கின் வேலை. வைரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இதுதான்.

சரி, வெளியே விழுவது சுலபம். மேலே ஏறுவது? அதற்குத்தான் மாசூட்டல், அதாவது வேற்று அணுக்களைக் கொஞ்சமாகக் கலப்பது. போரான் வைரத்துக்குள் நன்றாகக் கலக்கும். ஹோப் வைரத்தின் நீலமே போரானால் வந்ததுதான். ஆனால் போரான் தருவது எலக்ட்ரானை அல்ல, துளைகளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்களை. ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான்கள் எந்த உயரம் வரை நிரம்பியிருக்கின்றன என்பதைக் குறிக்கும் ஆற்றல் மட்டம்) இணைதிறன் பட்டையின் அருகே போய்விடுவதால் எலக்ட்ரான் ஏற வேண்டிய உயரம் 5 எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்குகிறது. வெப்ப உமிழ்வுக்கு அது உதவாது. எலக்ட்ரானைத் தரும் மாசுகளில் நைட்ரஜன் எளிதாகக் கலக்கும், ஆனால் அதன் கொடை மட்டம், அதாவது அது தரக்கூடிய எலக்ட்ரான் இருக்கும் மட்டம், கடத்துப் பட்டைக்கு 1.7 எலக்ட்ரான் வோல்ட் கீழே கிடக்கிறது. அறை வெப்பநிலையில் ஓர் எலக்ட்ரானைக்கூட அது எளிதில் விடாது. பாஸ்பரஸின் மட்டம் 0.57 மட்டுமே கீழே. ஆனால் பாஸ்பரஸ் அணு கார்பனைவிடப் பெரியது, வைரத்தின் நெருக்கமான கட்டமைப்புக்குள் உட்கார மறுக்கும். ஜப்பானின் சுகுபாவில் கொய்சுமியின் குழு 1997-இல் அதை முறையாகச் செய்துகாட்டிய பிறகுதான் எலக்ட்ரான் கடத்தும் வைரம் நம்பகமாகக் கிடைத்தது.

படலம் வளர்ப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல்களின் வேர் அங்கேதான். மாலிப்டினம் அல்லது சிலிக்கான் வில்லை ஒன்றை அறைக்குள் வைத்து, உள்ளே பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஓரிரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோ மீத்தேனும் விடுகிறார்கள். நுண்ணலையால் அது பிளாஸ்மாவாகி ஒளிரும் பந்தாக வில்லையின் மேல் நிற்கும். வில்லை 700 முதல் 900 டிகிரி வரை சூடாக இருக்கும். மீத்தேனிலிருந்து கார்பன் படிகிறது. வைரமாக இல்லாமல் கிராஃபைட்டாகப் படிவதை ஹைட்ரஜன் அணுக்கள் அரித்து எடுத்துவிடுகின்றன. பாஸ்பரஸ் வேண்டுமென்றால் பாஸ்பீன் வாயு. அது கொடிய நச்சு என்பதால் பல ஆய்வகங்கள் அதைத் தொடவே தயங்கும். நைட்ரஜனுக்கு நைட்ரஜன் வாயுவே போதும். முடிவில் மீத்தேனை நிறுத்திவிட்டு வெறும் ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் சில நிமிடங்கள் வைத்தால் மேற்பரப்பு ஹைட்ரஜனால் மூடிக்கொள்ளும். இப்படி வளர்வது ஒற்றைப் படிகம் அல்ல. எண்ணற்ற குறுமணிகள் ஒட்டிய படலம். மணிகளின் எல்லைகளில் வைரமல்லாத கார்பனும் கொஞ்சம் இருக்கும்.

வெப்ப உமிழ்வில் இத்தகைய படலங்களை அதிகம் ஆராய்ந்தவர்கள் ராபர்ட் நெமானிச்சும் ஃபிரான்ஸ் கோக்கும். முதலில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், பிறகு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். நைட்ரஜன் படலங்களில் அவர்களுக்கு 1.3 எலக்ட்ரான் வோல்ட் அளவில் வெளியேற்று ஆற்றல் கிடைத்தது. 2009-இல் பெல்ஜியத்தின் ஹேனன் குழுவோடு சேர்ந்து பாஸ்பரஸ் படலத்தில் 0.9 என்று அறிவித்தார்கள். வேறு எந்தப் பொருளிலும் அரிதாகவே காணக்கூடிய எண் அது, அதனால்தான் இவ்வளவு பேசப்பட்டது.

அதே அளவீட்டில் ரிச்சர்ட்சன் மாறிலி எவ்வளவு வந்தது? பத்து மைக்ரோ ஆம்பியர் அளவில். கோட்பாடு சொல்லும் 120 ஆம்பியரில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு.

இதை வைத்து 900 கெல்வினில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.9 எலக்ட்ரான் வோல்ட்டோடு மாறிலியும் 120 ஆக இருந்திருந்தால் சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 890 ஆம்பியர் வந்திருக்க வேண்டும். மாறிலி 10 மைக்ரோ ஆம்பியர் என்று போட்டால் வருவது 0.07 மில்லி ஆம்பியர். இப்போது 1.3 எலக்ட்ரான் வோல்ட் உள்ள நைட்ரஜன் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மாறிலியை 1 ஆம்பியர் என்று வைக்கிறேன்; வெளியான மதிப்புகள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதே 900 கெல்வினில் 43 மில்லி ஆம்பியர் வருகிறது. வெளியேற்று ஆற்றலில் 'தோற்ற' நைட்ரஜன், மின்னோட்டத்தில் 500 மடங்குக்கும் மேல் முந்துகிறது. பாஸ்பரஸ் எப்போது முந்தும் என்றும் இந்த எண்களை வைத்தே சொல்லலாம்: சுமார் 130 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. அங்கே இரண்டிலுமே ஓட்டம் பத்து பிகோ ஆம்பியருக்கும் குறைவு. எதற்கும் பயன்படாது.

மாறிலி இவ்வளவு விழக் காரணம் ஒன்றல்ல. சில படலங்களை உமிழும்போதே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் ஒளிராமல் புள்ளி புள்ளியாக ஒளிர்கிறது. பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உமிழ்கிறது என்றால், முழுப் பரப்பால் வகுத்த மாறிலியும் அதே அளவு விழும். அப்புறம், வெளியேறிய எலக்ட்ரானுக்குப் பதில் அடியிலுள்ள உலோகத்திலிருந்து புதிய எலக்ட்ரான் படலத்துக்குள் வர வேண்டும். எலக்ட்ரான் கடத்தும் வைரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நல்ல மின் தொடர்பு அமைப்பது இன்றும் கடினம். இதற்காகவே உலோகத்தின் மேல் முதலில் நைட்ரஜன் மிகுந்த நுண்மணி அடுக்கு ஒன்றை வளர்த்து, அதன் மேல் உமிழும் அடுக்கை வளர்க்கிறார்கள்.

மூன்றாவது காரணம் நுட்பமானது, ஆனால் என் பார்வையில் முக்கியமானது. வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்த மின்னோட்டங்களை ஒரு வரைகோடாக்கி, அதன் சரிவிலிருந்து வெளியேற்று ஆற்றலையும் மிச்சத்திலிருந்து மாறிலியையும் எடுக்கிறார்கள். இப்படி ரிச்சர்ட்சன் விதியைப் பொருத்தும்போது வெளியேற்று ஆற்றல் வெப்பநிலையோடு மாறாது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உலோகத்தில் அது ஏறக்குறைய சரி. மாசூட்டிய வைரம் போன்ற குறைகடத்தியில் சரியல்ல. சூடேற ஏற ஃபெர்மி மட்டம் கீழே இறங்குகிறது, அதாவது வெளியேற்று ஆற்றல் கூடுகிறது. ஒவ்வொரு கெல்வினுக்கும் 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கூடுவதாக வைத்துக்கொள்வோம். வரைகோட்டின் சரிவு இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. அது தருவது சுழி கெல்வினுக்கு நீட்டிப் பார்த்த மதிப்பை. கூடிய பகுதி முழுவதும் மாறிலிக்குள் போய் ஒளிந்துகொண்டு, அதை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மடங்கு சுருக்கிவிடும். அப்படிப்பட்ட படலத்தில் பொருத்தம் 0.9 என்று சொல்லும். ஆனால் 900 கெல்வினில் எலக்ட்ரான் உண்மையில் தாண்டுவது 1.8 எலக்ட்ரான் வோல்ட்டை. ஆகவே வெளியேற்று ஆற்றல் மிகச் சிறியதாகவும் மாறிலியும் மிகச் சிறியதாகவும் சேர்ந்து வந்தால், அந்த இரண்டையும் தனித்தனி உண்மைகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பிட்ட வெப்பநிலையில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஆம்பியர் வந்தது என்பதைக் கேளுங்கள். அதில் ஒளிய இடமில்லை.

நைட்ரஜன் படலத்தில் வேறொரு புதிர் இருக்கிறது. கொடை மட்டமே 1.7 கீழே இருக்கும்போது 1.3 எப்படி வந்தது? எலக்ட்ரான் கடத்துப் பட்டைக்கு ஏறித்தான் வெளியே வருகிறது என்றால் 1.7-ஆவது வந்திருக்க வேண்டும். மேலே சொன்ன மணி எல்லைகளில் உள்ள வைரமல்லாத கார்பன் எலக்ட்ரானுக்கு வேறு வழி காட்டுகிறது என்பது ஒரு விளக்கம். மேற்பரப்பை ஒட்டி ஆற்றல் பட்டைகளின் மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் இதில் சேர்கிறது. எது எவ்வளவு பங்கு என்பது படலத்துக்குப் படலம் மாறும். 'நைட்ரஜன் வைரம்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இரண்டு ஆய்வகங்களின் படலங்கள் ஒரே பொருள் அல்ல.

அடுத்தது ஆயுள். படலத்தைச் சூடாக்கியபடி மின்னோட்டத்தைப் பதிவு செய்தால் முதலில் விதிப்படி ஏறும். 700, 800 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஏற்றம் தளரும், பிறகு சூடாக்கச் சூடாக்க ஓட்டம் குறையவே தொடங்கும். மேற்பரப்பு ஹைட்ரஜன் கழன்று போகிறது. அதோடு எதிர்மறை நாட்டமும் போய்விடுகிறது. படலத்தை மீண்டும் ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் காட்டினால் உமிழ்வு திரும்பி வருவதே, குற்றவாளி மேற்பரப்புதான் என்பதற்குச் சான்று. மின்சாரம் எடுக்க எந்த வெப்பநிலை வேண்டுமோ, அங்கேயே மேற்பரப்பு கைவிடுகிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட்சனின் குழு ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்தால் மேற்பரப்பை மூடி, அது அதிக வெப்பத்துக்குத் தாங்குவதைக் காட்டியது. குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனையோ மீத்தேனையோ உள்ளே விட்டால், கழன்ற ஹைட்ரஜனுக்குப் பதில் புதியது வந்து ஒட்டுகிறது, மின்னோட்டமும் கூடுகிறது. மீத்தேனில் இந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. மீத்தேன் மூலக்கூறுகளே மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரானைச் சுமந்து செல்கின்றன என்று கோக், நெமானிச் குழு விளக்கியது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் ஹைட்ரஜனையே விட்டுவிட்டு, ஆக்சிஜன் மேல் லித்தியம் என்று இரட்டை அடுக்காகப் போட்டார்கள். இருமுனை அதே திசையில் நிற்கிறது, வெப்பத்துக்கு அசைவதும் இல்லை. எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை.

கடைசியாக, மின்சாரம். வெப்ப உமிழ்வு மாற்றி என்பது எதிரெதிரே இரண்டு தட்டுகள்: சூடான உமிழி, குளிர்ந்த ஏற்பி. உமிழியிலிருந்து தாவும் எலக்ட்ரான் ஏற்பிக்குப் போய், வெளிச்சுற்று வழியாக வேலை செய்துவிட்டுத் திரும்பும். அசையும் பாகம் ஒன்றும் இல்லை. சோவியத் ஒன்றியம் 1987-இல் அனுப்பிய காஸ்மோஸ் 1818, காஸ்மோஸ் 1867 இரண்டிலும் டோபாஸ் அணு உலைகள் இந்த முறையில் சுமார் 5 கிலோவாட் மின்சாரம் தயாரித்தன. ஆனால் உமிழிகள் மிகக் கடுமையான சூட்டில் இருந்தன, இடைவெளியில் சீசியம் ஆவி நிரப்பியிருந்தார்கள். சீசியம் எதற்கு? இடைவெளியில் மிதக்கும் எலக்ட்ரான்கள் பின்னால் வரும் எலக்ட்ரான்களை விரட்டும். இந்த ஸ்பேஸ் சார்ஜைச் சீசியம் அயனிகள் ஈடுகட்டுகின்றன. சீசியம் இல்லாமல் வெற்றிடத்தில் செய்வதென்றால், தட்டுகளை மிக நெருக்கமாக வைக்க வேண்டும். 1 வோல்ட்டில் 100 மைக்ரோமீட்டர் இடைவெளி விட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 23 மில்லி ஆம்பியர்தான் கடக்க முடியும். 10 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் அது நூறு மடங்காகி 2.3 ஆம்பியர் ஆகும். ஒரு தட்டு 600 டிகிரி, மற்றது 200 டிகிரி, நடுவே தலைமயிரின் தடிமனைவிடக் குறைந்த இடைவெளி. இரண்டும் வெப்பத்தில் வளையாமல், தொடாமல் நிற்க வேண்டும். பொறியாளர்களுக்கு இதுவே பெரிய சோதனை.

கிடைக்கும் மின்னழுத்தம் வேறு ஒரு கட்டுப்பாட்டைப் போடுகிறது. அது தோராயமாக உமிழியின் வெளியேற்று ஆற்றலிலிருந்து ஏற்பியின் வெளியேற்று ஆற்றலைக் கழித்த மிச்சம். உமிழியே 0.9 என்றால், ஏற்பி அதைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும், 0.5 உள்ள ஏற்பி கிடைத்தாலும் 0.4 வோல்ட்டுக்கு மேல் வராது. அதனால் உமிழியின் வெளியேற்று ஆற்றல் குறையக் குறைய நல்லது என்ற எண்ணமே மின் உற்பத்தியில் தவறு. உமிழிக்கு, போதிய மின்னோட்டம் தருகிற 1.3, 1.5 அளவுதான் பொருத்தம். மிகக் குறைந்த மதிப்புக்கு உண்மையான தேவை ஏற்பியில். ஏற்பியின் சூடும் குறைவு என்பதால் ஹைட்ரஜன் கழலும் தொல்லை அங்கே இல்லை. பாஸ்பரஸ் வைரத்தின் சரியான இடம் ஏற்பிதான் என்பது என் கருத்து.

அந்தக் கருத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஏற்பிக்கு முக்கியம், அது வேலை செய்யும் 400, 500 கெல்வினில் அதன் மேற்பரப்பின் உண்மையான வெளியேற்று ஆற்றல். ரிச்சர்ட்சன் கோட்டிலிருந்து நீட்டிக் கண்ட எண் அல்ல. கெல்வினுக்கு 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கூடும் படலம், ஆய்வுக் கட்டுரையில் 0.9 என்று இருந்தாலும் 500 கெல்வினில் 1.4 ஆக நிற்கும். 1.3 உள்ள நைட்ரஜன் உமிழிக்கு எதிரே அதை வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. நைட்ரஜன் படலத்தின் 1.3-உம் இதே முறையில் கிடைத்த எண்தான் என்பதால், அதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கெல்வின் ஆய்வுமுனையாலோ, புற ஊதா ஒளி எலக்ட்ரான் நிறமாலையாலோ அந்தந்த வெப்பநிலையிலேயே நேரடியாக அளந்த மதிப்பைத் தேடிப் பாருங்கள். உமிழி, ஏற்பி இரண்டுக்கும் அந்த எண்கள் கையில் இருந்தால், வீணாகும் வெப்பத்திலிருந்து எத்தனை வோல்ட் எடுக்கலாம் என்று ஒரு தாளிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.